வளைய வேண்டியவர் யார்?

பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பிள்ளையின் பிடிவாதத்தை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று எத்தனையோ பயிற்சி மாணவியர்க்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அச்சொல்லை நானே திரும்பப் பெற நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றை வாசக அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

என் தங்கையின் பேரனுக்கு அப்போது ஐந்து வயது. ஆட்டிசம் உடையவன் என்று மருத்துவர் கூறியிருந்தார். நீல நிறப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் மட்டுமே அவன் உண்பான். உறவினர் சிலர் வரவிருந்த ஒரு நாள், பொழுது சாயுமுன் உணவு பரிமாறுகையில், அத்தட்டைப் பரண்மேல் ஒளித்துவிட்டு எவர்சில்வர் தட்டில் சோறு வைத்தேன். இரண்டு நாள் அழுவான், மூன்றாம் நாள் பழகிவிடுவான் என்பது என் கணக்கு. அவன் அழவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, காதுகளைப் பொத்திக்கொண்டு, தலையைச் சுவரில் மோதத் தொடங்கினான். அவனை அமைதிப்படுத்துவதற்குள் சூரியன் மறைந்துவிட்டது.

இரவில் உண்ணாமை அவ்வீட்டில் தலைமுறைகளாகக் காக்கப்படும் ஒழுக்கம். அவன் தாய் ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து தட்டை எடுத்துக் கழுவி, சோறிட்டு ஊட்டினாள். "பொழுது போய்விட்டதே" என்று என் வாய் பழக்கத்தால் முணுமுணுத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பெரியம்மா, உங்களால் அந்த வழக்கத்தை மாற்ற முடியவில்லை. அவனால் இந்தத் தட்டை மாற்ற முடியவில்லை. இன்றைக்கு மாறியவள் நான் ஒருத்திதானே?" என்றாள்.

நோன்பும் தட்டும் ஒன்றாகுமா என்று கேட்பீர்கள். ஆகா. நோன்பை நாம் அறிந்து, விரும்பி ஏற்கிறோம்; விட்டுவிடவும் நம்மால் இயலும், இயன்றும் விடாதிருப்பதே அதன் சிறப்பு. அக்குழந்தைக்கோ விடும் ஆற்றலே இன்னும் வாய்க்கவில்லை. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்னும் பதற்றம் கலந்த வேட்கையை அவர்களிடம் கண்டு குறித்தார். பதற்றம் என்னும் சொல்லை நோக்குக. ஓசையும் ஒளியும் மிகுந்து தாக்கும் உலகில், அடுத்து என்ன வரும் என்று அறியாத குழந்தைக்கு மாறாத ஒரு தட்டு, படிக்கட்டின் கைப்பிடி போன்றது. கைப்பிடியைப் பறித்துவிட்டு ஏறு என்றால் எப்படி ஏறுவான்?

அன்று நான் அவனிடம் வேண்டியது சிந்தனையின் நெகிழ்ச்சி அன்று, கீழ்ப்படிதல். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவது ஆசிரியர்களுக்கு எளிது. டேமியன் மில்ட்டன் என்பவர், தாமும் ஆட்டிசம் உடைய பிரிட்டன் அறிஞர், இத்தகையோர்க்கும் மற்றவர்க்கும் இடையே நேரும் புரியாமை ஒருபக்கத்தது மட்டுமன்று, இருபுறத்திற்கும் உரியது என்று 2012இல் எழுதினார். அநேகாந்தம் பேசும் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது புதிதாகத் தோன்றியிருக்கக் கூடாது, தோன்றியது. தமிழில் ஆட்டிசத்தை மதியிறுக்கம் என்றும் எழுதி வந்தோம். அன்று மாலை இறுகிக் கிடந்தது யார் மதி?

ஆயினும் தட்டு ஒருநாள் உடையும். பேருந்து வராது, ஆசிரியை மாற்றலாகிச் செல்வார். அந்நாளுக்கு அவனை ஆயத்தம் செய்யாமல் விடுவதும் அன்பாகாது. அமெரிக்காவில் லாரன் கென்வொர்த்தியும் உடனாசிரியர்களும் 2011இல் வெளியிட்ட பாடத்திட்டம் ஒன்று, முதல் திட்டம், இரண்டாம் திட்டம் என்பன போன்ற எளிய சொற்களை வகுப்பிலும் வீட்டிலும் ஒன்றுபோல வழங்கச் சொல்கிறது. அது சற்று வளர்ந்த மாணவர்க்கானது. எனினும் சிறுவர்க்கும் கொள்ளத்தக்கது அதில் உண்டு. "தோசை வார்க்க நினைத்தேன், மாவு புளித்துவிட்டது, இரண்டாம் திட்டம், உப்புமா" என்று தாய் அடுக்களையில் வாய்விட்டுச் சொன்னால், பெரியவர்களும் மாறுகிறார்கள், மாறியும் ஒன்றும் கெடவில்லை என்பதைப் பிள்ளை காண்கிறான். அன்றன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களாக ஒட்டி, மாறப்போவதை முன்னதாகவே காட்டலாம். முதல் மாற்றம் சிறியதாக, அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். பசிவேளையில் வேண்டாம். நான் செய்ததோ பசிவேளையில், சொல்லாமல், அவன் அஞ்சும் மாற்றம்.

அதைவிட முன்னதாக நான் என்னைக் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுண்டு: இம்மாற்றம் யாருக்காக? உறவினர் முன்னே பிளாஸ்டிக் தட்டா என்னும் என் கூச்சத்திற்காக. யாருக்கும் தீங்கில்லாத ஒரு பழக்கத்தை நம் கௌரவத்தின் பொருட்டுக் குழந்தையிடமிருந்து பறிப்பது, எவ்வளவு மென்மையாகச் செய்யினும் இம்சையே என்று இப்போது கருதுகிறேன்.

அவன் தாய் தன் வழியில் முயன்றாள். நீலத்தட்டின் அருகே எவர்சில்வர் தட்டைப் பல வாரங்கள் வெறுமையாகவே வைத்திருந்தாள். அவன் அதைத் தொடவேண்டும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் சென்றபோது நீலத்தட்டில் சோறு இருந்தது. எவர்சில்வர் தட்டில், அவனே எடுத்து வைத்த ஓர் அப்பளம் இருந்தது.