பாட்டு முடிந்தபின் பந்தி எங்கே?

கெடாரிலே ஒரு கூட்டம். விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலே நம் கூட்டங்கள் எப்படி நடக்குமோ, அப்படித்தான் நடந்தது. கொடி கட்டினோம், குழல்விளக்குக் கட்டினோம், ஒலிபெருக்கி வைத்தோம். பேச்சாளர் வந்து சேருமுன் மக்கள் வந்து சேர வேண்டுமே! அதற்காகப் பறைக்குழு ஒன்றை அழைத்திருந்தோம். வேனிலே வந்து இறங்கினர் இளைஞர் எண்மர். வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயிலே தோலைக் காய்ச்சினர். முதல் அடி விழுந்ததுதான் தாமதம், தெருவெல்லாம் திரண்டது. அடித்தனர், ஆடினர், இடையிடையே பாடினர். சாதி ஒழிக என்றனர், சமத்துவம் வாழ்க என்றனர். நம் தோழர்கள் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தனர். மறுநாள் காலை அந்தப் படம் ஊரெங்கும் உலவியது. பார்த்தவர் பாராட்டினர். நாமும் பூரித்தோம்.

முதிய தோழர் ஒருவர் படத்தை முழுவதும் பார்த்தார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. இந்தப் பிள்ளைகள் இரவு எங்கே சாப்பிட்டார்கள்? எங்கே படுத்தார்கள்?"

விடை தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டோம். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தோம். வேனுக்குப் பக்கத்திலே நின்றபடி உண்டனர். வேனிலேயே படுத்து, விடியுமுன் புறப்பட்டுவிட்டனர். வராதே என்று அவர்களை யாரும் தடுக்கவில்லை. வாருங்கள் என்று யாரும் அழைக்கவும் இல்லை. கூட்டத்திலே கைதட்டிய வீடுகள் எத்தனையோ. கதவைத் திறந்த வீடு ஒன்றும் இல்லை. எழுதுகின்ற நம் வீடும் அந்தக் கணக்கிலே அடக்கம்.

சமத்துவத்தைப் பாடுகிறவன் மதிப்பை எங்கே அளப்பது? மேடையிலா, மேடைக்கும் மேடைக்கும் இடையே உள்ள வழியிலா? அழைத்தவன் மதிப்பையும் அங்கேதானே அளக்க வேண்டும்! இந்தக் கேள்வியை நமக்கு முன்பே எதிர்கொண்டவர்கள் சிலரைப் பார்ப்போம். அவர்கள் பகுத்தறிவாளர்கள் அல்லர், பக்தியைப் பாடியவர்கள். எனினும் பார்ப்போம்.

அமெரிக்காவிலே ராக் இசை பிறந்தபோது, அது பேயின் பாட்டு என்று பிரசங்கிகள் பலர் சபித்தனர். சில ஆண்டுகள் சென்றன. இளைஞர்கள் கோயிலை விட்டு நழுவுவதைக் கண்டார்கள். அதே கிட்டாரை எடுத்து அதிலே ஏசுவைப் பாடும் குழுக்கள் எழுந்தன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று டிசி டாக் என்பது. 1980-களின் பிற்பகுதியில், வர்ஜீனியா மாநிலத்து லிபர்டி பல்கலைக்கழகத்து மாணவர் மூவர் சேர்ந்து அமைத்தது. மூவரில் ஒருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ஜெரி ஃபால்வெல் என்ற பாதிரியார், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் படிக்கக் கூடாது என்று 1958-இல் பிரசங்கம் செய்தவர்; பின்னாளில் அதைக் கைவிட்டவர். அவருடைய நிலையத்திலிருந்தே நிறம் கலந்த குழு ஒன்று கிளம்பி, 1992-இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் 1963-ஆம் ஆண்டுப் பேருரையின் முடிவுச் சொற்களையே பெயராகச் சூட்டியது. காலம் செய்யும் கேலி இது!

அந்தக் குழு 1994-இல் ஊர் ஊராகச் சென்று பாடியதைப் படம் பிடித்தனர். திரையரங்கிலே ஓட்டுவதற்கென்று எடுத்த படம், அங்கே வராமல், 2002-இல்தான் வீடியோவாக வெளிவந்தது. மேடையை மட்டுமன்றி மேடைக்குப் பின்புறத்தையும் காட்டுவது இவ்வகைப் படத்தின் வழக்கம். பயணம், களைப்பு, கேலி, கிண்டல், தொழுகை, தூக்கம் எல்லாம் வரும். பார்ப்பவன் நினைப்பான்: இவர்கள் பாடுவதுபோலவே வாழ்கிறார்கள், பார்! ஆனால் 2025 ஜூன் மாதம், அந்த மூவரில் ஒருவர் தாமே ஓர் அறிக்கை வெளியிட்டார். பல ஆண்டுகள் போதைக்கு அடிமையாக இருந்ததையும், தகாத நடத்தையையும், வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரட்டை வாழ்க்கை வாழ்ந்ததையும் அதிலே ஒப்புக்கொண்டார். அதைக் காட்டி மதத்தை ஏளனம் செய்ய நாம் வரவில்லை. அது மலிவான மகிழ்ச்சி. நம் மேடைகளிலும் இரட்டை வாழ்க்கைக்குப் பஞ்சமில்லை. நாம் கொள்ளும் பாடம் வேறு. கூடவே பயணம் செய்த கேமராவும் வழியைக் காட்டிவிடாது. எதைக் காட்டலாம் என்று பயணம் செய்பவன் சம்மதிக்கிறானோ, அதைத்தான் அது காட்டும்.

கடலைக் கடந்து போவானேன்? நம் தஞ்சையைப் பார்ப்போம்.

வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் நெல்லையிலே பிறந்தார். ஸ்வார்ட்ஸ் பாதிரியார் அவரைச் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்து வந்தார். இரண்டாம் சரபோசி மன்னரோடு ஒரே காலத்தில் கற்றவர்; பெத்லகேம் குறவஞ்சி பாடியவர்; குழுவோடு ஊர் ஊராகச் சென்று இசைக் கதை நிகழ்த்தியவர். கேமரா இல்லாத காலத்து ராக் குழு என்று சொன்னாலும் மிகையாகாது! 1864 வரை, 89 ஆண்டு வாழ்ந்தார். அவர் காலத்திலே புதிதாக வந்த வெள்ளைக்காரப் பாதிரிமார் கோயிலிலிருந்து தமிழிசையை விலக்க முயன்றபோது, எதிர்த்து எழுதினார். தமிழன் தன் கோயிலிலே தமிழ்ப் பாட்டைப் பாடக் கூடாதா என்ற கேள்வியை, தமிழிசை இயக்கம் எழுவதற்கு நூறாண்டுக்கு முன்னரே எழுப்பியவர் அவர். நம் நெஞ்சு நிமிர்கிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள். 1820-களின் இறுதியில் எழுந்த அதே வழக்கிலே, அதே பாதிரிமார் மீது அவர் சுமத்திய இன்னொரு குற்றம் என்ன தெரியுமா? சாதி வேற்றுமையை விடச் சொல்கிறார்கள், எல்லாரையும் கலந்து உட்காரவும் உண்ணவும் வற்புறுத்துகிறார்கள் என்பது! சாதி ஆசாரத்தை ஆதரித்து அவர் எழுதிய நூலே உண்டு. பாட்டிலே தமிழுக்குப் பாய் விரித்தவர், பந்தியிலே தமிழனுக்குப் பாய் விரிக்கவில்லை.

தமிழுக்காக அவரைத் தூக்குவோமா, சாதிக்காகத் தள்ளுவோமா? இரண்டையும் ஒரே மூச்சிலே சொல்லத்தான் வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைப்பது வரலாறு ஆகாது, வழிபாடு ஆகும். வழிபாடு நமக்கு எதற்கு?

அவர் விதைத்ததா, அவருக்கு முன்பே முளைத்ததா என்பதை ஆய்வாளர் சொல்லட்டும். முள் இன்னும் நிற்கிறது. நெல்லைச் சீமையிலே வடக்கன்குளத்துக் கோயிலை, சாதிக்கொரு பக்கமாக, கால்சட்டையின் இரண்டு கால்போலக் கட்டினார்கள்; நடுவே நின்ற தடை 1910-இல்தான் இடிந்தது. திருச்சியிலே கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் வைத்தார்கள். நம் பக்கத்திலேயே எறையூர் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த ஊர். 2019-இல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று இருப்பது, அன்று விழுப்புரம் மாவட்டம். அதற்கும் முன்னே தென்னார்க்காடு. அங்கே இரு சாராரும் கத்தோலிக்கர். ஒரே செபம், ஒரே பாட்டு. ஆனால் ஒடுக்கப்பட்டோர் சவ ஊர்வலம் பெரிய கோயில் வீதி வழியே போக முடியவில்லை. தங்கள் தெருவிலே எழுப்பிய கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டனர். 2008 மார்ச் 9-ஆம் நாள் கலவரம் மூண்டது. அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். மாண்ட இருவரும் மற்றத் தரப்பினர். இரு பக்கத்துக்கும் துயரம், இரு பக்கத்துக்கும் ஒரே பாட்டுப் புத்தகம்! சர்க்காரும் தன் பங்குக்கு 1950-ஆம் ஆண்டு ஆணையிலே, மதம் மாறிய கிறித்தவனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவன் இன்னும் வெளியே நிற்கிறான். மதம் மாறினால் சாதி போய்விட்டது என்று சட்டம் சொல்கிறது. போகவில்லை என்று எறையூர்த் தெரு சொல்கிறது.

இப்போது பறைக்கு வருவோம். பறை என்ற சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொன்னார். பின்னே வந்த சமுதாயம் அதை ஒரு சாதியின் தலையிலே கட்டி, சாவு வீட்டு வாசலிலே நிறுத்தி, அடி என்று ஆணையிட்டது. அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் நம் தென்னார்க்காட்டிலேயே உண்டு. காட்டுமன்னார்கோயில் பகுதியிலே இளையபெருமாள் முன்னின்று நடத்திய பறை மறுப்பை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். இழிவின் சின்னம் என்றால் எறிந்துவிடு! நேர்மையான முடிவு, மானமுள்ள முடிவு. அதைக் குறைத்துப் பேசுகிறவனுக்கு அந்த அடியின் வலி தெரியாது.

வேறு முடிவு எடுத்தவர்களும் உண்டு. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று பெயர் வைத்துக்கொண்டவர், கோயில் வழிபாட்டையே நாட்டுப்புற மெட்டுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் மாற்றினார். கர்நாடக இசை மேட்டுக்குடியின் இசை. உழைக்கிறவன் தன் வாயால் மாற்றிப் பாடக்கூடிய இசைதான் விடுதலைக்கு உதவும் என்றார். அவர் கருத்திலே நம்மைக் கவர்வது 'ஒரே உலை' என்ற எண்ணம். ஒரே உலையிலே சோறு வடித்து, எல்லாரும் கலந்து உண்பது. அதுவே வழிபாட்டின் உயிர் என்றார். கடவுளை நீக்கிவிட்டுப் பாருங்கள். சாஸ்திரியாருக்கு நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்த பதிலாக அது தெரிகிறது!

திண்டுக்கல்லிலே சக்தி என்ற நாட்டுப்புறக் கலை மையம் இருக்கிறது. கத்தோலிக்கக் கன்னியர் இருவர் நடத்துவது. ஒடுக்கப்பட்ட குடும்பத்து இளம்பெண்களைச் சேர்த்துப் பறையடிக்கக் கற்பிக்கிறார்கள். கவனியுங்கள், தோழர்களே! பறையை ஆண்தான் அடித்தான். பெண் தொடுவது வழக்கமில்லை. சாதியின் கட்டும் ஆணின் கட்டும் ஒரே நேரத்தில் அறுகின்றன. ஒரு கையிலே சிம்புக்குச்சி, ஒரு கையிலே அடிக்குச்சி. இடுப்பிலே துணியை இறுகக் கட்டிக்கொண்டு, கால் பிரித்து நின்று, கூட்டத்தை நேருக்கு நேர் பார்த்து அடிக்கிறார்கள். நிலம் பார்த்து நட என்று வளர்க்கப்பட்ட பெண்கள்! அமெரிக்க இசையாய்வாளர் சோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார். மேடை ஆட்டத்துக்கு அடியிலே ஒரு வாழ்க்கை இருப்பதை அது காட்டுகிறது. கூடி வாழ்ந்து பயின்றதிலே பெண்ணுக்கு உண்டாகும் தன்மதிப்பை அது பேசுகிறது. மேடையிலே அவள் நிமிர்வது, மேடைக்கு வெளியே ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டதால்தான்.

அந்தத் தெம்பைத் தருவது இறைவன் அருளே என்று கன்னியர் சொல்லலாம். நாம் மறுப்போம், தோலும், குச்சியும், கூட்டு வாழ்வும், கைக்குக் கிடைத்த கூலியும் தந்த தெம்பு அது என்போம். அந்த வாதத்தை ஒருநாள் அவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். ஆனால் உட்கார அவர்களிடம் ஓர் இடம் இருக்கிறது. நம்மிடம் இருக்கிறதா?

படிப்பாளித் தோழர் ஒருவர் இங்கே குறுக்கிட்டார். "பாட்டின் உண்மை பாடுகிறவன் ஒழுக்கத்தைச் சார்ந்ததா? திருடன் சொன்னாலும் இரண்டும் இரண்டும் நான்குதானே! பறையடித்தவர்கள் எங்கே படுத்தாலும் சமத்துவம் சமத்துவம்தானே!" என்றார்.

கூர்மையான கேள்வி, ஒரு நாள் முழுதும் நம்மைத் துளைத்தது. கணக்கு உள்ளதைச் சொல்கிறது. யார் சொன்னாலும் அது உள்ளதுதான். மனிதர் யாவரும் சமம் என்ற வாக்கியமோ, கெடார்த் தெருவிலே இன்று உள்ளதைச் சொல்லவில்லை. இன்று அது பொய். அப்படி ஆக்குவோம் என்று கொடுக்கும் வாக்கு அது. வாக்கு என்பது கொடுத்தவன் காப்பாற்றினால் உண்மையாகும். காப்பாற்றாவிட்டால் எத்தனை மெட்டிலே பாடினாலும் கடன் சீட்டுத்தான். மேடையிலே நாம் எழுதிக் கொடுத்த சீட்டை அந்த எட்டு இளைஞர்களும் அன்றிரவே நம் கதவிலே நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. நீட்டினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் கைதட்டலைக் கேட்ட பின்னும் தெரிந்திருக்கிறது. அதுதான் நம்மைச் சுடுகிறது.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைபேசி வந்தபின் நம் இளைஞர்களுக்கு ஒரு மயக்கம் வந்திருக்கிறது. படம் பிடித்துவிட்டால் காரியம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கோயிலிலே கற்பூரம் காட்டிவிட்டுக் கடமை தீர்ந்தது என்று வீடு திரும்புகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? கையிலே கற்பூரத் தட்டுக்குப் பதில் கைபேசி!

அடுத்த கூட்டத்துக்கும் அதே குழுவை அழைப்பது என்று கெடார்த் தோழர்கள் முடிவு செய்தனர். மேடை எங்கே, விளக்கு எத்தனை என்று பேசினோம். வழக்கமாக அத்தோடு கலைவோம். இம்முறை முதியவர் கலைய விடவில்லை. "எட்டுப் பேர். யார் வீட்டிலே இலை, யார் வீட்டிலே பாய்? பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். முதலிலே தம் வீட்டைச் சொன்னார். நாமும் சொன்னோம், சொல்லும்போது நாக்குச் சற்றுத் தயங்கியதை மறைப்பானேன்? இன்னும் இருவர் சொன்னார்கள். அங்கே இருந்த மற்றவர்களுள், கூட்டத்தை மிக அழகாகப் படம் பிடித்த இளந்தோழர் மட்டும் எழுந்து நின்றுகொண்டே இருந்தார். "எனக்குச் சம்மதந்தான், ஐயா. வீட்டிலே அம்மாவைக் கேட்க வேண்டும்" என்றார்.

"கேள், தம்பி. நாங்கள் இங்கேயே இருக்கிறோம்" என்றார் முதியவர்.

அவர் வீட்டை நோக்கி நடந்தார். கைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.