பற்றும் வட்டியும்

‘இன்ட்ரஸ்ட்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையோடு எனக்குப் பகலில் ஓர் உறவு, இரவில் ஓர் உறவு. பகலில், பாங்க்கில், அதற்கு ஒரே அர்த்தம்தான்: வட்டி. இரவில் புஸ்தகங்களோடு உட்காரும்போது அதே வார்த்தை அக்கறை, ஆர்வம், ஸ்வாரஸ்யம், நலன், பாத்தியதை என்று மாறி மாறி வருகிறது. தமிழில் இவை தனித்தனி வார்த்தைகள். ஒன்றுக்கொன்று பரிச்சயம் இருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. இங்கிலீஷில் எல்லாம் ஒன்று. இது அந்தப் பாஷையின் வறுமையா, அல்லது நாம் ஒளித்துவைத்திருக்கும் ஒன்றை அது வெளியே சொல்லிவிடுகிறதா? இந்தக் கேள்வி எனக்கு வெறும் பாஷை சம்பந்தப்பட்டதாக இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பிரயோகங்கள். வாங்கிய அடியைக் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்தால் இங்கிலீஷ்காரன் ‘வித் இன்ட்ரஸ்ட்’ என்பான்; நாமும் ‘வட்டியும் முதலுமாக’ என்கிறோம். இந்த ஒரு இடத்தில் இரண்டு பாஷைகளும் ஒத்துப்போகின்றன. ஒரு ஏற்பாட்டினால் ஆதாயம் கண்டுவிட்டவர்கள் அதை மாற்ற விடமாட்டார்கள். அவர்கள் ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’. விக்டோரியா காலத்து நாகரிகத்தில் கர்ப்பமாக இருக்கும் பெண் ‘இன்ட்ரஸ்டிங்’ நிலையில் இருப்பவள். மேலதிகாரி மிரட்டும்போது அது ‘உன்னுடைய இன்ட்ரஸ்ட்டுக்காகவே’ சொல்லப்படுகிறது. ஒரு கவிதையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாதபோது, அல்லது சொல்ல பயமாக இருக்கும்போது, அது ‘இன்ட்ரஸ்டிங்’காக இருக்கிறது. இந்தக் கடைசிப் பிரயோகத்தை, ‘ஸ்வாரஸ்யமான’ என்று தமிழாக்கி, என் மதிப்புரைகளில் நான் எத்தனை தடவை உபயோகித்திருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.

வில்லியம் எம்ப்ஸன் 1951இல் வெளிவந்த தம் புஸ்தகத்தில் ‘ஹானஸ்ட்’, ‘ஸென்ஸ்’ போன்ற சாதாரண வார்த்தைகளுக்குள் எத்தனை வாதங்கள் ஒடுங்கிக் கிடக்கின்றன என்று பிரித்துக் காட்டினார். ரேமண்ட் வில்லியம்ஸின் 1976ஆம் வருஷத்து ‘கீவேர்ட்ஸ்’ நூலில் ‘இன்ட்ரஸ்ட்’டுக்கென்றே ஒரு பதிவு உண்டு. சொத்து, பணம் சம்பந்தமான ஒரு சொல்லிலிருந்து மனசின் ஈடுபாட்டுக்கான சொல் பிறந்திருப்பது அர்த்தமில்லாத விஷயம் அல்ல என்கிறார் அவர். சரிதான். ஆனால் அதை ஒரு சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாக மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை.

லத்தீன் மூலத்தில் வார்த்தையின் அர்த்தம் ‘இடையில் இருப்பது’. அதிலிருந்து ‘வித்தியாசம் உண்டாக்குவது’, ‘பொருட்படுவது’. இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவது பாவம். ஆனால் கடன் வாங்கியவன் தவணை தவறியதால் கொடுத்தவனுக்கு நஷ்டம் உண்டானால், அவன் இருந்திருக்க வேண்டிய நிலைமைக்கும் இப்போது இருக்கும் நிலைமைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கேட்கலாம். அந்த வித்தியாசம்தான் ‘இன்ட்ரஸ்ட்’. பாவத்துக்குப் பக்கத்திலேயே பாவமில்லாத ஒரு பெயர் தயாராக இருந்தது. காலப்போக்கில் பாவம் அந்தப் பெயருக்குள் குடியேறிவிட்டது. 1545இல் எட்டாவது ஹென்றியின் சட்டம் நூற்றுக்குப் பத்துவரை அனுமதித்தது. 1552இல் அது ரத்தாயிற்று. 1571இல் திரும்ப வந்தது. ஷேக்ஸ்பியரின் ஷைலக், தான் நியாயமாகச் சம்பாதித்ததை அன்டோனியோ ‘இன்ட்ரஸ்ட்’ என்று பெயரிட்டு அழைப்பதாகக் குறைப்பட்டுக்கொள்கிறான். அங்கே சண்டை பணத்தைப் பற்றியது மட்டும் அல்ல, வார்த்தையைப் பற்றியதும்கூட.

‘இடையில் இருப்பது’ என்பது பாங்க் குமாஸ்தாவுக்குச் சட்டென்று விளங்கும். 2010 மார்ச் வரை சேமிப்புக் கணக்கில் மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி கணக்கிட்டார்கள். அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல்தான் தினசரி இருப்பின்மேல். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையில், ஒரு தேதிக்கும் இன்னொரு தேதிக்கும் இடையில்தான் வட்டி வளர்கிறது. அக்கறையும் அப்படியேதான். அது என்னிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் இருக்கிறது.

இனி, இந்த வார்த்தையின் எதிர்ப்பதத்துக்கு வருகிறேன். 1790இல் கான்ட், அழகைப் பற்றிய தீர்ப்பில் ‘இன்ட்ரஸ்ட்’ கலக்கக்கூடாது என்றார். அந்தப் பொருள் இருப்பதால் எனக்கு ஆவது எதுவும் இல்லை என்ற நிலையில்தான் அதை அழகு என்று சொல்ல எனக்கு அருகதை. கான்ட்டுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: ஜெர்மன் பாஷையில் பாங்க் வட்டிக்கு வேறு வார்த்தை. மாத்யூ ஆர்னால்டுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இருந்தும் 1864இல் விமர்சனத்தின் பணியைப் பற்றிப் பேசியபோது அவர் பிரதானமாகக் கேட்ட குணம் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்னெஸ்’. ஆதாயம் கருதாமை என்று வைத்துக்கொள்ளலாம். அக்கறையின்மை வேறு, அதற்கு ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்று தனி வார்த்தை உண்டு என்று பி.ஏ. வகுப்பில் சொல்லித்தந்தார்கள். அகராதியைப் பார்த்தால் பதினேழாம் நூற்றாண்டில் இரண்டும் இடம் மாறி வழங்கியிருக்கின்றன. அக்கறையை அழிக்காமல் ஆதாயத்தை மட்டும் அகற்றுவது வார்த்தைக்கே சுலபமாக இருக்கவில்லை. மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

சென்ற வருஷம் மார்ச்சில் ஒரு கூட்டத்தில் ஆர்னால்டின் இந்தக் கொள்கையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினேன். நம்மில் சிலர் வந்திருந்தீர்கள். அதே மாதம் பாங்க்கில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் கிளைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு அம்மாள் வருவார். கணவர் இறந்தபோது வந்த பணத்தை டெபாசிட்டில் போட்டிருந்தார். வட்டி தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும்; வர அவசியமில்லை. ஆனாலும் பாஸ்புக்கை நீட்டி, “வட்டி விழுந்துடுச்சா தம்பி?” என்பார். அடுத்த கேள்வி என் பெண்ணைப் பற்றி: இருமல் தேவலையா, பள்ளிக்கூடம் போகிறாளா. மார்ச்சில் கிளைக்கு இன்ஷூரன்ஸ் இலக்கு பாக்கி இருந்தது. மேனேஜர் டெபாசிட் பட்டியலைப் பார்த்து அந்த அம்மாளின் பெயரைச் சொன்னார், “நீங்க சொன்னா கேப்பாங்க” என்றார். எனக்குக் கமிஷன் எதுவும் கிடையாது. ஆனால் இதே ஊரில் இருக்க அனுமதிக்கும்படி நான் கொடுத்திருந்த விண்ணப்பம் அவர் மேஜைமேல் இருந்தது. நான் அந்த அம்மாளிடம், “உங்க நல்லதுக்குத்தாம்மா” என்றேன். வருஷா வருஷம் கட்ட வேண்டும் என்பதைச் சொன்னேன், வேகமாக. டெபாசிட் மாதிரிதானே என்று கேட்டார். மாதிரிதான் என்றேன். பாலிசி வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முப்பது நாள் அவகாசம் உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்த முப்பது நாளும் தினமும் தெரிந்திருந்தது.

இந்த மார்ச்சில் பாஸ்புக்கோடு வந்தார். வட்டி சேர்ந்திருந்தது. அடுத்த வரியில் பிரீமியம் போயிருந்தது. விரலை வைத்து, “இந்தப் பக்கம் என்ன தம்பி போட்டிருக்கு?” என்றார். பற்று என்றேன். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, என் பெண்ணைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

அவருக்கு என்மேல் இருந்த அக்கறை வட்டிக்காக என்று நான் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. உண்மை தலைகீழாக இருந்தது. எனக்கு அவர்மேல் அக்கறையே இல்லை என்றால் விஷயம் எளிது. இருந்தது. இருந்ததனால்தான் அவர் நம்பினார். ஆதாயம், அக்கறையைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்காரவில்லை; அதன் குரலிலேயே பேசியது. ‘உங்கள் இன்ட்ரஸ்ட்’ என்று நான் சொன்னபோது அதில் என் இன்ட்ரஸ்ட்டும் இருந்தது. இங்கிலீஷ் வார்த்தைக்கு இது தெரியும்.

அந்த நாட்டுச் சட்டத்துக்கும் தெரியும். சம்பந்தமே இல்லாதவர்களின் உயிர்மேல் பாலிசி எடுத்துப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த வழக்கத்தை 1774இல் ஒரு சட்டம் தடுத்தது. ஓர் உயிரை இன்ஷூர் செய்ய, அந்த உயிரில் உனக்கு ‘இன்ட்ரஸ்ட்’ இருக்க வேண்டும். பாசத்தைக்கூடச் சட்டம் அந்த வார்த்தையால்தான் அளக்கிறது. இன்னொன்று, 1852இல் பிரபுக்கள் சபையில் முடிந்த டைம்ஸ் என்பவரின் வழக்கு. ஒரு கால்வாய்க் கம்பெனிக்கு ஆதரவாக லார்ட் சான்ஸலர் காட்டன்ஹாம் தீர்ப்பளித்திருந்தார். அந்தக் கம்பெனியில் அவருக்குப் பங்குகள் இருந்தன. அதனால் அவர் துளியும் பாதிக்கப்பட்டதாக யாரும் எண்ணவில்லை. இருந்தும் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. கீழ்நிலை நீதிபதி அளித்திருந்த தீர்ப்பு சரி என்று கண்டு அதை நிலைநிறுத்தினார்கள், கம்பெனிதான் ஜெயித்தது. அதாவது, சரியான தீர்ப்பாக இருந்தும் சொல்லாத சம்பந்தத்தால் அது செல்லாமல் போயிற்று.

ஆர்னால்டைவிட இந்த வழக்கு எனக்கு உபயோகமாக இருக்கிறது. ஆதாயமே இல்லாத மனசைச் சட்டம் கேட்கவில்லை. சம்பந்தம் இருந்தால் முதலில் அதைச் சொல், பிறகு ஒதுங்கி உட்கார் என்கிறது. ‘டிக்ளேர் இன்ட்ரஸ்ட்’ என்பது அங்கே நடைமுறை. நம் கம்பெனிச் சட்டமும் டைரக்டர்களிடம் அதைக் கேட்கிறது. நம் மாதிரிச் சிறு வட்டத்தில் ஒதுங்கி உட்காருவது சாத்தியமில்லை. என் முதல் கட்டுரையை அச்சிட்டவரின் கவிதையை நான் மதிப்பிடுகிறேன். என்னை மதிப்பிட்டவரின் நாவலுக்கு முன்னுரை எழுதுகிறேன். ஒதுங்க முடியாதவர்கள் சொல்லவாவது செய்யலாம். நாமோ தமிழில் அக்கறை வேறு, வட்டி வேறு என்று இருப்பதன் பின்னால் சௌகரியமாக நின்றுகொண்டு, நம் அக்கறை சுத்தமானது என்று நம்புகிறோம்.

ஆனால் தமிழை நான் குறைசொல்லப்போவதில்லை. பாஸ்புக்கில் நான் அந்த அம்மாளுக்கு வாசித்துக்காட்டிய வார்த்தை என்னை விடவில்லை. பற்று என்றால் ஈடுபாடு. கணக்கில் பற்று என்றால் எடுத்துக்கொண்டது. மளிகைக்கடையில் ‘பற்று’ வைத்திருப்பவன் கொடுக்க வேண்டியவன். கடன் என்ற வார்த்தையும் அப்படி: வாங்கியதும் அதுதான், செய்ய வேண்டியதும் அதுதான். இங்கிலீஷ் வார்த்தை கொடுத்தவன் பக்கம் உட்கார்ந்து யோசிக்கிறது: இதில் எனக்கு என்ன வரும்? தமிழ் வார்த்தைகள் வாங்கியவன் பக்கம் நிற்கின்றன: நான் எதை எடுத்தேன், எதைத் தர வேண்டும்? சம்பந்தம் இருப்பதைச் சொல்லிவிட்டால் இங்கிலீஷில் பொறுப்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தமிழில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதை இந்தப் பத்திரிகையில் எழுதிவிட்டதால் நான் எதையும் அறிவித்துவிட்டதாக ஆகாது. படிப்பவர்கள் நம்மில் சிலர். அவர்களுக்கு இது ‘இன்ட்ரஸ்டிங்’காக இருக்கக்கூடும். அந்த அம்மாள் இதைப் படிக்கமாட்டார். அடுத்த வட்டிக்கு அவர் வருவதற்குள் நான் எழுதவேண்டியது வேறொன்று இருக்கிறது: இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, அங்கே முடியாவிட்டால் ஆம்பட்ஸ்மனுக்கு, அவர் சார்பில் ஒரு புகார். விற்றவர் பெயர் கேட்கும் இடத்தில் என் பெயர்.