மெல்போர்ன் மருமகளும் அரைக்காசு அம்மனும்

கேள்வி: என் ஒரே மகன் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறான். சொந்தத்தில் அவனுக்கென்று ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தோம். அவன் மனசு மாற வேண்டும் என்று அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டேன். ஆறு மாதம் ஆகியும் பலிக்கவில்லை. வேண்டுதலில் என்ன குறை? ஊர் என்ன சொல்லுமோ என்று வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருக்கிறது.
- ஒரு தாய், அறந்தாங்கி

பதில்: அரைக்காசு அம்மன் தொலைந்ததை மீட்டுத் தருகிறவள், அம்மா. கம்மல், சாவி, நிலப்பத்திரம் என்று எத்தனையோ பேர் அவளிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். உங்கள் மகன் எங்கே தொலைந்தான்? எந்த ஊரில் இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். யாரை விரும்புகிறான் என்பதை அவனே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். பெற்றவளிடம் மறைக்காத பிள்ளையைத் தேடித் தரச் சொன்னால் அம்மன்தான் என்ன செய்வாள்!

மெல்போர்ன் என்றதும் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது. அந்த அம்மனின் ஊருக்கு அதே மெல்போர்னிலிருந்து 110 வருஷத்துக்கு முன்பே ஒரு மருமகள் வந்திருக்கிறாள்.

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானைத்தான் சொல்கிறேன். 1875-இல் பிறந்தவர், பதினோரு வயது நிரம்புமுன்பே பட்டத்துக்கு வந்தவர். 1915-இல் ஆஸ்திரேலியா போன இடத்தில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவள் ஒரு வழக்கறிஞரின் மகள். அவளுக்கு 20 வயது, அவருக்கு 39. அந்த ஆகஸ்டிலேயே மெல்போர்னில் பதிவுத் திருமணம் நடந்தது. வெள்ளையரல்லாதவர் குடியேற வரக்கூடாது என்று 1901-இலேயே சட்டம் போட்டு வைத்திருந்த நாடு அது. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் மாநிறத்து ராஜாவைக் கைப்பிடித்தால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா?

ஊர் என்ன சொல்லும் என்று கேட்டீர்களே, புதுக்கோட்டை ஜனங்கள் அந்தத் தம்பதியை ஆரவாரமாகத்தான் வரவேற்றார்கள். முகம் திருப்பிக்கொண்டது வெள்ளைக்கார அரசாங்கம். நம் இனத்துப் பெண் ஒருத்தி இந்திய ராஜாவுக்கு ராணியா என்று அதற்கு வயிற்றெரிச்சல். மோலிக்கு ராணிப் பட்டத்தையோ மரியாதையையோ கடைசிவரை கொடுக்கவில்லை. அரண்மனைக்குள்ளும் எல்லோரும் நல்லவர்களாக இல்லை. கர்ப்பமாயிருந்த மோலிக்கு யாரோ அரளி விஷம் வைத்ததாகப் பேச்சு எழுந்தது. சில மாதங்களிலேயே இருவரும் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். 1916 ஜூலையில் சிட்னியில் பிறந்த மகனுக்கு அந்த ஊரின் பெயரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளையை வாரிசாக ஏற்க வெள்ளை அரசு சம்மதிக்கவில்லை. பிறகு மன்னர் நிர்வாகத்தைத் சகோதரர் ரகுநாதரிடம் விட்டுவிட்டு பிரான்ஸில் கான் நகரத்தில் குடியிருந்தார். 1928-இல் காலமானார். உடலைத் தகனம் செய்ததுகூட லண்டனில்தான். மகனுக்குப் பதிலாக ஆறு வயது ராஜகோபால தொண்டைமானை அரியணையில் உட்கார்த்தினார்கள்.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. சதாசிவ பிரம்மேந்திரர் மணலில் எழுதிக் கொடுத்த மந்திரத்தை அந்த மணலோடு அள்ளிவந்து பூஜையில் வைத்த வம்சம் இது. பிரகதாம்பாள்தான் நாட்டுக்கு அரசி, நாங்கள் அவளுடைய தாசர்கள் என்று பட்டப்பெயரே வைத்துக்கொண்டவர்கள். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த செப்புக் காசிலும் அவள் உருவம்தான் இருக்கும். அந்தக் காசிலிருந்து வந்த பெயர்தான் நீங்கள் வேண்டிக்கொண்ட அரைக்காசு அம்மன். ஆக, அந்த வீட்டுக்கு மருமகள் யார் என்று சொல்ல உரிமையுள்ளவள் திருக்கோகர்ணத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அதைத் தீர்மானித்தது லண்டன்.

லண்டன் அன்று செய்ததை அறந்தாங்கி இன்று செய்ய வேண்டுமா, அம்மா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘நம்மவர் இல்லை’ என்பதைத் தவிர அந்தப் பெண்மேல் நீங்கள் ஒரு குறையும் எழுதவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். அங்கே அவளைப் பெற்றவளும் ‘போயும் போயும் ஒரு கறுப்பனையா’ என்று அழுதுகொண்டிருக்கலாம். அப்படி அவள் சொன்னாள் என்று உங்கள் காதில் விழுந்தால் வயிறு எரியாதா?

சாப்பாடு, பாஷை, பூஜை என்று உங்களுக்கு இருக்கிற பயம் நியாயமானது. அதற்கு ஒருமுறை ஸ்ரீரங்கம் போய்வாருங்கள். டில்லி சுல்தானின் மகள் அரங்கன்மேல் ஆசை வைத்துப் பின்னாலேயே வந்துவிட்டாள் என்பது அந்தக் கோயிலின் ஐதீகம். துலுக்க நாச்சியார் என்று அவளுக்கு அங்கே தனிச் சன்னிதியே உண்டு. விக்கிரகம் கிடையாது, சுவரில் சித்திரம் மட்டும்தான். அவள் மார்க்கத்தில் உருவம் வைப்பதில்லையே! அவளுக்காக அங்கே ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். பெருமாளே கைலி உடுத்திக்கொள்கிற நாளும் உண்டு. புளியோதரையும் அக்காரவடிசிலும் செய்து பழகிய மடைப்பள்ளி, வந்தவளுக்காக ரொட்டி சுடக் கற்றுக்கொண்டது. நீங்களும் உங்கள் அடுப்படியில் ஒரு ரொட்டி சுட்டுப் பாருங்களேன். அவள் ஒருநாள் உங்கள் சுண்டவற்றல் குழம்புக்கு நாக்கைச் சப்புக்கொட்டுவாள்.

சொந்தத்தில் பார்த்து வைத்த பெண்ணின் வீட்டுக்கு மட்டும் சீக்கிரம் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அந்தக் குழந்தையைக் காத்திருக்க வைப்பதுதான் பாவம்.

கேள்வி: கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த வெளிநாட்டுப் பெண்ணை என் தம்பி மணக்கிறான். அவளுக்குக் கோத்திரம் கிடையாது. அர்ச்சனைக்கு என்ன சொல்வது? மதம் மாறினால்தான் கல்யாணம் செல்லுமா? குலமங்கலத்து ஐயனார் எங்கள் குலதெய்வம். அவர் கோபிப்பாரா?
- வாசகர், கீரமங்கலம்

பதில்: கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்றோ காசியப கோத்திரம் என்றோ சொல்வது வழக்கம். தாலி ஏறியபின் உங்கள் தம்பியின் கோத்திரமே அவளுக்கும். வைதிகமாகச் செய்வதானால், உறவில் ஒரு தம்பதி பெற்றோர் ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கலாம். சட்டத்துக்காக மதம் மாற வேண்டியதில்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அவரவர் மதத்தில் இருந்துகொண்டே பதிவு செய்துகொள்ளலாம். முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐயனார் கோபிப்பாரா என்றா கேட்கிறீர்கள்? ஆரியங்காவில் ஐயன் மணந்த புஷ்கலை சௌராஷ்டிரக் குலத்துப் பெண் என்பது ஐதீகம். இன்றைக்கும் வருஷாவருஷம் மார்கழியில் மதுரை சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டுக்காரர்களாக அங்கே போய்த் திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். வேறு பாஷை பேசுகிற சம்பந்தி அவருக்கே இருக்கிறார்கள். அந்தப் பெண்ணைக் குலமங்கலத்து மாசி மகத்துக்கு அழைத்துப் போய், ஐயனாரின் குதிரைச் சிலைக்கு ஒரு காகித மாலை அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய குதிரையைப் பார்த்த அன்றே அவள் நம்மூர்க்காரி ஆகிவிடுவாள்.

கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் மட்டும் என்று பலகை வைத்திருக்கிற கோயில்களில் சங்கடம் வரலாம், முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நம் ஆவுடையார்கோயிலில் கொடிமரமும் இல்லை, நந்தியும் இல்லை, கருவறையில் லிங்கமும் இல்லை. வெறும் ஆவுடை மட்டும்தான். உருவமே வேண்டாம் என்று இருக்கிற ஆத்மநாதர், வருகிறவளின் நிறத்தைப் பார்ப்பாரா என்று மாணிக்கவாசகரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பெரியப்பா மகன் அமெரிக்கப் பெண்ணைக் கட்டி வந்தபோது கிடா வெட்டி ஊருக்கே விருந்து வைத்தார்கள். நான் அடுத்த தெருப் பையனை விரும்புகிறேன். சாதி வேறு என்று அதே பெரியப்பா வெட்டரிவாளைக் காட்டுகிறார். சாமி இதற்கு என்ன சொல்கிறது?
- பெயர் வேண்டாம், திருமயம் வட்டம்

பதில்: உன் பெரியப்பாவுக்கு வெள்ளைத் தோல் கௌரவம், அடுத்த தெரு அவமானம். கடல் தாண்டி வந்தவளுக்குச் சாதி தெரியாது என்பதால் மன்னித்துவிட்டார் போலிருக்கிறது.

ஆதிசைவக் குலத்துச் சுந்தரர் திருவாரூரில் பரவையை மணந்தார். அவள் கணிகையர் குலம். திருவொற்றியூரில் சங்கிலியை மணந்தார். அவள் வேளாளர் வீட்டுப் பெண். இந்த இரண்டாம் கல்யாணத்தால் பரவை ஊடிக் கதவைச் சாத்தியபோது தூது போனது சாட்சாத் தியாகேசன், அதுவும் ஒரே ராத்திரியில் இரண்டு தடவை. (இரண்டாவது கல்யாணத்தை நான் சிபாரிசு செய்யவில்லை, உன் ஆளிடம் சொல்லி வை.) நம் மாவட்டத்து மணமேல்குடியில் பிறந்த குலச்சிறையாரோ, எதிரே வரும் அடியார் எந்தக் குலம் என்று பாராமல், குலத்துக்கே வெளியே நின்றவராக இருந்தாலும் தரையில் விழுந்து கும்பிட்டவர். அவர் பாண்டிய நாட்டின் மந்திரி.

அரிவாள் விஷயம் ஆன்மிகப் பகுதியில் தீராது, மகளே. இருவருக்கும் சட்டப்படி வயது நிரம்பியிருந்தால் மிரட்டலைப் போலீஸில் எழுத்தில் கொடு. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கே நேராகப் போகலாம். தனியாகப் போகாதே, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. கிடா வெட்டி வரவேற்ற அந்த அமெரிக்க அண்ணியிடமும் பேசிப் பார். அந்த வீட்டில் உனக்காக முதலில் வாய் திறக்கப் போவது அவளாகக்கூட இருக்கலாம்.