துலக்குவதா, மறைப்பதா?

எண்கள் மங்கி, எழில் குன்றி, ஒளியிழந்து நிற்கிறது ஒரு பழங்கடிகாரம். பொறியோ பழுதின்றி ஓடுகிறது. பொழுதைக் காட்டவேண்டிய முகப்புத்தான் பொலிவிழந்து கிடக்கிறது. "புதிதாக்கித் தருக!" என்கிறார் உடைமையாளர். தூரிகையைக் கையிலெடுத்த தொழிலாளி ஒரு கணம் தயங்குகிறான். அந்தத் தயக்கத்தை அச்சமென்று எண்ணிவிடாதீர், தோழர்களே! அறம் அவனை நிறுத்திக் கேட்கும் கணம் அது: துலக்கப் போகிறாயா, மறைக்கப் போகிறாயா?

இங்கிலாந்து நாட்டின் நெட்டுயர்ந்த கடிகாரங்களை எடுத்துக்கொள்வோம். முற்காலத்து முகப்புகள் பித்தளையால் ஆனவை. எண்களைத் தகட்டில் செதுக்கி, பள்ளங்களில் கரிய மெழுகை நிரப்பினர். வெள்ளிச் சேர்மத்தை உப்போடு குழைத்துத் தேய்த்து, மெல்லிய வெள்ளிப் பூச்சு ஏற்றினர். நாளடைவில் அந்தப் பூச்சு கறுக்கும். அதனை மீண்டும் ஏற்றுதல் பொய்யாகாது. செதுக்கிய எழுத்து சிதையாமல் இருக்கிறது. செய்தவன் விரும்பிய தோற்றமே திரும்புகிறது. பழமையென்பதால் அழுக்கும் புனிதம் என்போர்க்கு நாம் சொல்வோம்: அழுக்கு, கலையன்று!

ஆனால், 1772ஆம் ஆண்டையொட்டிப் பர்மிங்காம் நகரில் வண்ணந்தீட்டிய வெண்முகப்புகள் விற்பனைக்கு வந்தன. இரும்புத் தகட்டில் பூவும் பறவையும் தீட்டிய கைகளில் பலவற்றின் பெயரை ஏடுகள் அறியா. அந்த ஓவியத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாய்த் தீட்டினால், பளபளப்பு வரும்; பழைய கை மறைந்துபோகும். வாழ்ந்தபோதும் பெயரில்லை, வரைந்ததும் மிச்சமில்லை என்றால், அது அந்த உழைப்பாளிக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியன்றோ?

வேறொரு சான்று. ஊசற்கடிகாரத்தை ஹைகன்ஸ் 1656இல் அமைப்பதற்கு முன், கடிகாரங்கள் நுட்பமாய் ஓடவில்லை. ஆகவே மணிமுள் ஒன்றே பலவற்றுக்குப் போதுமானதாயிருந்தது. அவற்றின் முகப்பில் ஒவ்வொரு மணிக்கும் நான்கு கால்பகுதிக் கோடுகளே உண்டு. பின்னாளில் ஒருவர் நிமிடமுள்ளைச் சேர்க்கலாம்; கோடுகளோ உண்மையை உரைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோடுகளையும் அழித்து எழுதினால்? சாட்சியின் வாயை அடைத்த குற்றம் அது.

"என் பொருள், என் விருப்பம்" என்று உடைமையாளர் வாதாடலாம். பித்தளை அவருடையது, மறுக்கவில்லை. ஆனால் நாளை அதை வாங்குவோன் ஏமாறுவானே! எளிய ஊர்க் கொல்லனின் பெயரை அழித்து, தாமஸ் டாம்பியன் போன்ற புகழ்பெற்றோர் பெயரைத் தீட்டினால், அது அழகுக்கலையா, திருட்டுக்கலையா?

எல்லாவற்றினும் கொடியது இருபதாம் நூற்றாண்டின் ரேடிய முகப்பு. 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இளம்பெண்கள், இருளில் ஒளிரும் சாயத்தை எண்களில் தீட்டினர். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள், தீங்கில்லை என்றார்கள். தாடையெலும்பு அரிந்து பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. அந்த முகப்புகளின் ஒளி இன்று அவிந்துவிட்டது, நஞ்சு அவியவில்லை. ரேடியம் பாதியாய்க் குறையவே சுமார் 1,600 ஆண்டு ஆகும்! அறியாமல் சுரண்டுவோன் அந்தத் தூசியை உண்பான். அறிந்தவன் அதைக் காப்போடு அகற்றலாம். அகற்றியதைச் சொல்லாமல் விட்டால், அப்பெண்களின் கண்ணீரையும் சேர்த்தே அகற்றியவனாவான்.

அப்படியானால் எதையும் தொடக்கூடாதா? தொடலாம், தொடத்தான் வேண்டும்! வகுப்பறையில் நாம் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: "பிழையைச் சுரண்டி அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்து, அருகே சரியானதை எழுது." பிழையும் தெரிகிறது, திருத்தமும் தெரிகிறது; திருத்திய கையும் தெரிகிறது. முகப்பைச் செப்பனிடுவோனுக்கும் அதுவே நெறி. உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்புக. பின்னே வருவோன் பிரித்தெடுக்கத்தக்க வண்ணத்தால் நிரப்புக. செய்ததை எழுதிவைத்து, செய்யுமுன் இருந்த தோற்றத்தைப் படமெடுத்து வைக்க.

பழையதைத் தொழுவோன் காலத்தை நிறுத்தப் பார்க்கிறான். பழையதைத் துடைத்தெறிவோன் காலத்தை மறுக்கப் பார்க்கிறான். திருத்தியதை மறைக்காமல் திருத்துகிறவனோ, காலத்திற்குக் கணக்குக் காட்டுகிறான். முகப்பின் வேலை மணியை உள்ளபடி காட்டுவது. அதைச் செப்பனிடும் கைக்கு மட்டும் வேறு வேலை உண்டோ?