எண்ணாமல் விட்ட ஆறாவது ஆள்

பரமார்த்த குருவும் சீடர்கள் ஐவரும் ஆற்றைக் கடந்த கதையை அறியாத தமிழர் அரியர். மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்தக் கதையைச் சிறுவயதில் நாம் சிரிப்பதற்காகவே படித்தோம். கரையேறியபின் சீடன் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். ஐந்து பேர்தாம் வருகின்றனர். மீண்டும் எண்ணினாலும் ஐந்தே. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அனைவரும் ஓலமிடுகின்றனர்.

வழிப்போக்கன் ஒருவன் அவர்களுடைய அறியாமையைக் கண்டுகொள்கிறான். கைத்தடியால் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைக்கிறான்; அடி வாங்கியவர் தம்மைச் சொல்லிக்கொள்ள, அவன் எண்ணுகிறான். ஆறு பேரும் கிடைத்துவிடுகின்றனர். ஆயினும், விடை கிடைத்ததே தவிர, பிழை எங்கே நேர்ந்தது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. பிறகு மடத்தில் பெருக்கும் கிழவி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வேறொரு வழி சொல்கிறாள்: சாணத்தைத் தட்டி வைத்து, ஆளுக்கொரு முறை மூக்கை அதில் அழுத்திவிட்டு, குழிகளை எண்ணியிருந்தால் போதுமே!

தடியா, சாணக்குழியா? அறிவு மனிதருக்குள் எவ்வாறு புகுகிறது என்பதைப் பற்றி அறிஞர்கள் நடத்திய விவாதத்தின் இரு முனைகளை அந்த வேடிக்கைக் கதை தன்னுள் வைத்திருக்கிறது. நமக்கோ அது அறிவியல் வினாவாக மட்டும் தோன்றவில்லை. ஒரு குழந்தைக்குப் பாடம் வரவில்லை என்றால் அது யாருடைய குற்றம் என்னும் அறவினாவும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இவ்வினா நம்மைத் தைத்த நாள் ஒன்று உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கரிசல் கிராமம் ஒன்றில் ஆசிரியப்பணி ஏற்ற புதிது. ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி. கரும்பலகையில் நாம் எழுதிய மூன்றரை பெருக்கல் மூன்று என்னும் கணக்கின் முன் அவள் ஊமையாய் நின்றாள். பின்னத்தை மூன்று நாள் நடத்தியிருந்தோம்; பொறுமை இழந்தோம்; பிரம்பால் உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்தோம்; மக்கு என்றும் சொன்னோம். அன்று மாலை திருமங்கலம் பேருந்து நிலையத்தருகே வீட்டுக்கு மல்லிகை வாங்க நின்றபோது, கூடைக்குப் பின்னால் அவளே அமர்ந்திருந்தாள். முழம் மூன்று ரூபாய். மூன்றரை முழம் கேட்டு இருபது ரூபாய்த் தாளை நீட்டினோம். "மூணு முழம் ஒம்பது, அரை முழம் ஒண்ணரை, பத்தரை சார், இந்தாங்க ஒம்பதரை" என்று சில்லறையை நம் கையில் வைத்தாள். காலையில் நாம் அடித்த அதே கை.

அவளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது; நமக்குத்தான் அவளைத் தெரியவில்லை. பிற்காலத்தில் பிரேசில் நாட்டு ரெசிஃபே நகர ஆய்வு ஒன்றைப் படித்தபோது அந்த மாலை நினைவுக்கு வந்தது. தெருவில் விற்பனை செய்யும் சிறார் ஐவரை ஆய்ந்து 1985இல் வெளியிட்ட முடிவு அது. கடையில் நின்று போட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அத்தகைய கணக்குகளையே தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 மட்டுமே சரி. 2025இல் நோபல் பரிசாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் பிறரும் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறாரிடம் ஆய்ந்து ஏறக்குறைய இதையே கண்டனர். பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர் என்றும் எழுதினர். இரு அறிவுகளுக்கும் இடையே பாலம் இல்லை. பாலம் கட்டாதவர் யார்? குழந்தையா?

மனிதர் கற்கும் விதத்தை விளக்க முயன்றோரைச் சிறிது பார்ப்போம். அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர், ஒரு செயலை அடுத்து வரும் விளைவே அச்செயலை வலுப்படுத்துகிறது என்றார். பிரம்புக்கு இவரிடம் ஆதரவு தேடுவோர் ஏமாறுவர். தண்டனையை அவர் எதிர்த்தார். அது செயலைச் சிறிது காலம் அடக்குமே தவிர, நல்லதைக் கற்றுத்தராது என்பது அவர் கொள்கை.

சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே வேறு திசையில் சென்றார். குழந்தை அறிவைப் பெற்றுக்கொள்ளும் வெற்றுக் கலமன்று. பொருள்களைக் கையாண்டு தன் அறிவைத் தானே கட்டுகிறது என்றார். ஒரு சிறுவனிடம், உனக்குச் சகோதரன் உண்டா என்றால் உண்டு என்கிறான். உன் சகோதரனுக்குச் சகோதரன் உண்டா என்றால் இல்லை என்கிறான். பரமார்த்த குருவின் சீடனைப்போல் அவனும் தன்னை எண்ணவில்லை! இது மந்த புத்தியன்று, பிறர் நிற்குமிடத்தில் நின்று தன்னைக் காணும் திறன் இன்னும் முதிரவில்லை என்றார் பியாஜே. ஆனால், மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் எழுதிய நூலில், குழந்தைக்கு விளங்கும் சூழலில் வினாவை அமைத்தால், பியாஜே கருதியதைவிட இளமையிலேயே அது சரியாக விடையளிக்கிறது எனக் காட்டினார். எனவே, வயது வரவில்லை என்று சொல்லி ஒதுக்குவதும் மக்கு என்று சொல்வதன் நாகரிக வடிவமாகிவிடக்கூடும்.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, 1934இலேயே மறைந்த ரஷ்ய அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி, குழந்தை தனியே செய்வதை மட்டும் பாராதீர்கள். இன்னொருவர் துணையுடன் எதைச் செய்யக்கூடும் என்று பாருங்கள் என்றார். நம் திண்ணைப் பள்ளிகளுக்கு இது புதிதன்று. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்கு மணலில் எழுத்துப் பழக்கினான். மதராஸில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் மணலெழுத்தைக் கண்டு, ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பித்து, அதைப் பற்றி 1797இல் நூல் வெளியிட்டார். அந்த முறை இங்கிலாந்தில் மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. கோதண்டம் போன்ற கொடுந்தண்டனைகளும் அதே திண்ணைகளில் இருந்தன என்பதையும் மறைக்கலாகாது.

நம் மதுரைச் சமவெளிக்கு மேலே, கொடைக்கானலில், 1942 முதல் 1944 வரை வாழ்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார் கையே அறிவின் கருவி என்று நம்பினார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. ஆசிரியர் பாயில் குழந்தைகளோடு அமர்ந்தார்; கரும்பலகை குழந்தையின் உயரத்துக்கு இறங்கியது; அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறிற்று. அட்டை மட்டும் வந்து, அமர்ந்து பார்க்கும் கண் வராவிட்டால் அதுவும் மற்றொரு மனப்பாடமே. எனினும், கரும்பலகை இறங்கியதில் ஒரு தாழ்ச்சி இருந்ததை நாம் வணக்கத்தோடு நினைக்கிறோம்.

இவர்களுக்கெல்லாம் முன்பே புனித அகுஸ்தினார் தம் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்ந்திருக்கிறார். அடிபடாதிருக்க இறைவனை வேண்டிய சிறுவன் அவர். பெரியவர்களோ அதைக் கண்டு சிரித்தனர். செவிலியரின் கொஞ்சலுக்கிடையே இலத்தீனை அச்சமின்றிக் கற்ற அவருக்கு, மிரட்டிப் புகட்டிய கிரேக்கம் கசந்தது. மகன் அதேயோதாத்துஸுடன் உரையாடுவதாக அவர் அமைத்த நூலில், வெளியே நின்று பேசும் ஆசிரியர் சொற்களால் தூண்டுவதோடு சரி. உண்மையை ஒளிர்விக்கும் ஆசிரியர் கிறிஸ்துவே, அவர் உள்ளத்துள் இருக்கிறார் என்று முடிக்கிறார். அக்குவினா தோமையார் ஆசிரியரை மருத்துவருக்கு ஒப்பிட்டார்: நலம் பெறுவது உடலின் சொந்த ஆற்றலால், மருத்துவர் அதற்குத் துணை நிற்கிறார். இவை மெய்யெனில், குழந்தையின் உள்ளம் நாம் காலணியோடு நுழையத் தகாத இடம்.

குழந்தைக்கு எந்தக் கடமையுமே இல்லையா என்று பெற்றோர் கேட்கலாம். உண்டு. முயற்சி இல்லாமல் எக்கல்வியும் வாராது. ஆனால், படி அமைத்துக் கொடுத்தவருக்கே ஏறு என்று கட்டளையிட உரிமை உண்டு. படியில்லாச் சுவரைக் காட்டி ஏறச்சொல்லி, ஏறாதவனைச் சோம்பேறி என்பது அநீதி. உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்துவிட்டது. கையைச் சட்டம் தடுக்கும். நாவில் வரும் மக்கு என்னும் சொல்லை மனச்சான்றுதான் தடுக்க வேண்டும். வீட்டில் உணவருந்தும் வேளையில் அச்சொல்லைச் சொல்பவர் ஆசிரியர் அல்லரே.

பிள்ளை பின்தங்கும்போது நாம் காரணங்களை எண்ணத் தொடங்குகிறோம். கவனமின்மை ஒன்று; சேர்க்கை இரண்டு; கைப்பேசி மூன்று; பாடத்திட்டம் நான்கு; பிறவிக்குணம் ஐந்து. எத்தனை முறை எண்ணினாலும் ஐந்தே வருகின்றது, ஒன்று குறைகின்றது. ஆன்ம சோதனைக்கு அமர்கிற இரவில் இன்னொரு முறை எண்ணிப் பார்ப்போம், எண்ணுகிறவரையும் சேர்த்து.

மறுநாள் அச்சிறுமியை அழைத்து, மல்லிகைக் கணக்கைக் கரும்பலகையில் அவளையே எழுதச் செய்தோம். எழுதினாள். அடித்ததற்காக மன்னிப்புக் கேட்க மட்டும் அன்று நமக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பாடத்தில் நாம் இன்னும் தேறவில்லை.