பழுதுபார்க்கும் கையும் படித்த மனமும்

பழைய பொருளொன்றைச் செப்பனிடுவது வெறும் தொழில்நுட்பச் செயலா, அல்லது அதற்கு ஓர் அறப்பண்பும் உண்டா? இவ்வினாவை ஓர் உண்மைப் பொருளை முன்வைத்து ஆராய்வதே நன்று. வீட்டு முற்றத்தில் மாதக்கணக்காக அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டப்படும் பழைய லாண்ட் றோவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அயலார் சிலருக்கு அது பணமுள்ளவரின் பொழுதுபோக்கு. வேறு சிலருக்கோ புது வாகனம் வாங்க வழியற்றவரின் போக்கிடம். இரு தீர்ப்புகளும் பணத்தையே அளவுகோலாகக் கொண்டவை. அங்கு நிகழும் உழைப்பை இரண்டுமே காணவில்லை.

லாண்ட் றோவர் 1948 ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், அதன் மேலுடல் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத் தகட்டினால் ஆக்கப்பட்டது. அடிச்சட்டமாகிய சேசிஸ் உருக்கினாலானது. கமக்காரனும் தன் முற்றத்தில் கழற்றிப் பூட்டத்தக்கதாகப் பல பாகங்கள் நட்டுகளாலும் போல்ற்றுகளாலும் பிணைக்கப்பட்டிருந்தன. குடியேற்ற நாடுகளில் அதிகாரத்தின் வாகனமாகவும் அது ஓடிற்று என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும், உடைமையாளனுக்கு உள்ளே நோக்கும் உரிமையை அதன் அமைப்பு மறுக்கவில்லை.

இவ்வண்டியின் மேலுடல் இரும்பைப்போல் துருவேறுவதில்லை. ஆனால் பெட்டிவடிவச் சேசிஸின் உட்புறத்தில் சேறும் நீரும் தங்க, துரு உள்ளிருந்தே அதனைத் தின்னும். வெளியில் கறுப்பு வர்ணம் மினுங்கிக்கொண்டிருக்கும். உண்மையை அறிய விரும்புபவர் வண்டியின் கீழே படுத்துச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உறுதியான உருக்குக் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். சிலவேளை சுத்தியலே உள்ளே இறங்கிவிடும். அதன்பின் இரு வழிகள் உள. துளையைப் பசைபூசி மூடி, மேலே வர்ணம் அடித்துவிடலாம். அல்லது நல்ல உலோகம் தென்படும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். முதலாவது வேலை ஒரு பிற்பகலில் முடியும், விற்பனைக்கும் உதவும். இரண்டாவது பல வாரங்களை விழுங்கும்; முடிந்தபின் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் நாளை அவ்வண்டியில் ஏறுபவரின் உயிர் அந்தத் தகட்டிலேயே தங்கியிருக்கிறது. காண்பார் இல்லாத இடத்தில் காக்கப்படும் நேர்மையே பழுதுபார்த்தலின் அறம்.

இவ்வறிவு எவரிடம் வாழ்கிறது? 1990 களில் வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு, பெற்றோலும் பற்றறியும் கிட்டாதிருந்த காலத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. 2020 இல் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, பழைய வண்டிகளை ஓடவைத்தவை கராஜ்களில் உழைத்த கைகளே. தட்டுப்பாட்டைப் போற்றுவது நம் நோக்கமன்று. இல்லாமையைச் சமாளித்த மக்களின் திறமையைப் பாராட்டிவிட்டு, இல்லாமையை உண்டாக்கியவர்களை மறந்துவிடுவது அநீதியாகும்.

இன்றோ, வேறொரு வகைத் தடை வளர்கிறது. புதிய வாகனங்கள் பலவற்றின் பழுதைக் கணினிக் கருவியின்றி அறிய இயலாது. அக்கருவிக்குரிய அறிவை உற்பத்தி நிறுவனங்கள் தம் உடைமையாக வைத்துக்கொள்ள முயல்கின்றன. பொருளை விற்றபின்னும் அதன்மேல் ஆதிக்கத்தைக் கைவிடாமையே இதன் பொருள். 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் சலவை இயந்திரம், கைத்தொலைபேசி போன்றவற்றைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைபற்றிச் சட்டமியற்ற நேர்ந்தமை, இப்போராட்டம் ஒரு முற்றத்துக்குள் அடங்கியதன்று என்பதை உணர்த்தும்.

எனினும், நிறுவனங்களை மட்டும் குறைகூறி நாம் அமைதியடைய முடியாது. பரீட்சையில் தவறிய மாணவனைக் “கராஜுக்குப் போ” என்று ஏசும் வழக்கம் நம் பாடசாலைகளில் இன்னும் மறையவில்லை. கையில் கிறீஸ் படிந்தவன் கல்வியில் தோற்றவன் என்ற எண்ணம், உழைப்பைப் பிறப்போடு பிணைத்துத் தாழ்த்திய பழைய சாதிமனத்தின் எச்சமேயாகும். உளுத்த உருக்கை ஒலிகொண்டு இனங்காண்பவனின் நுண்ணுணர்வு, செய்யுளின் ஓசைக் குறையைக் கண்டறிபவனின் நுண்ணுணர்வுக்கு எவ்வகையில் தாழ்ந்தது? இவ்விரண்டையும் ஒரே மாணவன் பெறத் தடையாக நிற்பது அவனுடைய மூளையன்று, நமது கல்விமுறையே. அச்சட்டத்தையும் தட்டிப் பார்க்க வேண்டிய காலம் இது. மந்தமான ஒலி கேட்குமாயின், மேலும் ஒரு பூச்சு வர்ணம் அடித்துத் திருப்தியடைய நமக்கு உரிமையில்லை.