கேட்காத குறை

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் ஆங்கில வேதாகமத்தில், 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் இன்றைய பள்ளிப் பிள்ளைகளைத் திகைக்க வைக்கும். கர்த்தரை மேய்ப்பர் என்று சொன்ன கையோடு, ‘வான்ட்’ என்ற சொல்லை எதிர்மறையில் வைத்து வசனம் முடிந்துவிடுகிறது. ‘வான்ட்’ என்றால் ‘வேண்டும்’ என்று படித்த பிள்ளைக்கு, அந்த மேய்ப்பர் எனக்கு வேண்டாம் என்று யாரோ சொல்வதுபோல் கேட்கிறது. தமிழ் வேதாகமத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. அங்கே அந்த இடத்தில் இருப்பது ‘தாழ்ச்சி’ என்ற சொல். மேய்ப்பர் இருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் வராது என்ற நம்பிக்கையைத்தான் அந்த வசனம் பேசுகிறது.

இன்று ஆசையைச் சொல்லும் இந்தச் சொல், ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இல்லாமையைத்தான் சொன்னது. பழைய நார்ஸ் மொழியிலிருந்து 1200ஐ ஒட்டி வந்து சேர்ந்தது. நிலவு தேய்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்று. விரும்புதல் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதற்குப் பிறகும் வெகுகாலம் இரண்டு பொருளும் ஒரே வீட்டில் குடியிருந்தன. அந்தக் காலத்து உரைநடையைப் படிக்கிறவர் ஒவ்வொரு முறையும் நின்று, இங்கே பேசப்படுவது இல்லாமையா, ஆசையா என்று பார்த்துத்தான் மேலே போக வேண்டும்.

பழைய உரைநடையில் கடிகாரம் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் ‘வான்ட்’ செய்யும். சுவர் வெள்ளையடிப்பை ‘வான்ட்’ செய்யும். கிழிந்த புத்தகம் தன் கடைசித் தாளை ‘வான்ட்’ செய்யும். கடிகாரத்துக்கும் சுவருக்கும் ஆசை ஏது? அங்கே இருக்க வேண்டிய ஒன்று இல்லை, அவ்வளவுதான். மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போதும் அப்படியே. ஒருவன் துணிவை ‘வான்ட்’ செய்கிறான் என்று எழுதினால், அவனிடம் துணிவு இல்லை என்று பொருள். துணிவு வர வேண்டும் என்று அவன் ஏங்குகிறானா என்ற பேச்சே அங்கே கிடையாது. தன்னிடம் அது இல்லை என்பதுகூட அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். தானியேல் புத்தகத்தில் பெல்ஷாத்சார் மன்னன் தராசில் நிறுக்கப்பட்டுக் குறைவுள்ளவனாகக் காணப்படுகிறானே, அந்த இடத்திலும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். விருந்தில் மூழ்கிக் கிடந்த அந்த மன்னனுக்குத் தன் குறை தெரியாது.

குறை இருப்பதற்கு, அதை உணரும் ஓர் உள்ளம் அவசியமில்லை. பழைய பொருளின் ஆழம் இதில்தான் இருக்கிறது.

1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரஜுடிஸ்’ நாவலின் முதல் வாக்கியம் உலகப் புகழ் பெற்றது. பணக்காரனான ஒரு பிரம்மச்சாரியையும் மனைவி என்ற தேவையையும் இணைக்கும் இடத்தில் ஆஸ்டின் வைத்திருப்பது இந்தச் சொல்லைத்தான். அவன் மனைவியைத் தேடி அலைகிறான் என்று இன்றைய வாசகர் எடுத்துக்கொள்வார். வாக்கியம் சொல்வது வேறு: அவனுக்கு மனைவி இல்லை, அது ஒரு குறை. அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பெண் வைத்திருக்கும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களே அவனுக்கு என்ன குறை என்று முடிவு செய்துவிடுகின்றன. பழைய பொருளுக்குள் இருக்கும் ஆபத்தும் இதே இடத்தில் தெரிகிறது. குறையை வெளியிலிருந்து பார்க்கலாம் என்றால், வெளியில் இருப்பவர்கள் தங்கள் சௌகரியத்துக்கு ஏற்ற குறையைப் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் தன் வாழ்க்கையிலேயே அனுபவித்த ஒருவர் உண்டு. 1755இல் தன் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன். ஏறத்தாழ 42,000 சொற்கள் கொண்ட அந்த அகராதியில், இந்த வினைச்சொல்லுக்கு இல்லாமை சார்ந்த பொருள்களை முதலில் அடுக்கிவிட்டுப் பிறகுதான் விரும்புதல், ஏங்குதல் என்ற பொருளுக்கு அவர் வருகிறார். அந்த வரிசையை அவருக்கு வாழ்க்கையும் கற்றுக்கொடுத்திருந்தது.

லிச்ஃபீல்ட் நகரத்துப் புத்தக வியாபாரியின் மகனான ஜான்சன், 1728இல் ஆக்ஸ்ஃபோர்டின் பெம்ப்ரோக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய நண்பர் ஜான் டெய்லர் படித்தது பக்கத்திலேயே இருந்த கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில். அங்கே நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய பாடங்களை டெய்லர் வாயிலாகத் தெரிந்துகொள்ள ஜான்சன் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவருடைய ஷூக்கள் தேய்ந்து கிழிந்து, பாதம் வெளியே தெரிய ஆரம்பித்தது. கிறைஸ்ட் சர்ச் மாணவர்கள் அதைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே போவதையே நிறுத்திவிட்டார். யாரோ ஒருவர், பெயர் சொல்லாமல், புது ஷூ ஒரு ஜோடியை அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஜான்சன் அதைக் கோபத்தோடு தூக்கி எறிந்துவிட்டார். பாஸ்வெல் எழுதி 1791இல் வெளிவந்த ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது. 1729 டிசம்பரில் பணமில்லாமல், பட்டமும் வாங்காமல், அந்த இளைஞர் ஆக்ஸ்ஃபோர்டை விட்டுப் போனார்.

பழைய பொருளில் ஜான்சனுக்கு ஷூ ‘வான்ட்’. அவர் காலைப் பார்த்த எவருக்கும் அது தெரிந்திருந்தது. புதிய பொருளில் அந்த ஷூ அவருக்கு வேண்டாம். ஒரே மனிதன், ஒரே காலடி. இல்லாமை ஒரு பக்கம் இழுக்க, விருப்பம் மறுபக்கம் நிற்கிறது. வைத்துவிட்டுப் போனவரின் மனம் நல்ல மனம்தான். ஆனால் அந்த ஷூ வருவதற்கு முன்பே பார்வைகள் வந்துவிட்டன. குறையைக் கண்டவர்கள் மனிதனைக் காணவில்லை என்ற வலிதான் அந்தப் புது ஷூவை எறியச் செய்திருக்க வேண்டும்.

அகராதி வெளியாகிப் புகழ் வந்த மறு ஆண்டே, 1756இல், ஆறு பவுண்டுக்கும் குறைவான கடனுக்காக ஜான்சன் கைது செய்யப்பட்டார். இந்த முறை அவரே நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பினார். ஜான்சன் வாங்கிக்கொண்டார். கேட்காமல் வந்ததை எறிந்த அதே கை, கேட்டு வந்ததை ஏற்றது. ‘எனக்கு இது வேண்டும்’ என்று தன் வாயால் சொல்வதில் ஒரு நிமிர்வு உண்டு. அந்தச் சொல் ஆசையின் பக்கம் நகர்ந்தபோது மொழிக்கு வந்து சேர்ந்த லாபம் இந்த நிமிர்வு. தனக்கு எது வேண்டும் என்று சொல்லும் உரிமை ஒரு பெண்ணுக்கும், ஒரு தொழிலாளிக்கும், ஒரு நோயாளிக்கும் உண்டு என்று இன்று நாம் பேசுவது அந்த லாபத்தின் மேல் நின்றுதான்.

1759 ஜனவரியில் ஜான்சனின் தாய் இறந்தார். அடக்கச் செலவுக்காக ஒரே வாரத்து மாலை நேரங்களில் அவர் எழுதி முடித்த கதை ‘ராஸலஸ்’ என்கிறார் பாஸ்வெல். எல்லாச் சுகமும் நிறைந்த பள்ளத்தாக்கில் அடைபட்டு வாழும் அபிசீனிய இளவரசனின் கதை அது. அதன் 3ஆம் அத்தியாயத்தின் தலைப்பில் இந்தச் சொல் இரண்டு முறை வருகிறது. எதுவும் குறையாதவனுக்கு என்ன குறை என்பதுதான் அங்கே விவாதம். இன்னது குறை என்று தெரிந்திருந்தால் ஒரு விருப்பம் பிறந்திருக்கும், விருப்பம் பிறந்திருந்தால் முயற்சி வந்திருக்கும் என்று இளவரசன் வருந்துகிறான். ஜான்சனுக்கு வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் இல்லாமை, அதிலிருந்து விருப்பம். விருப்பம் பிள்ளை, இல்லாமை தாய்.

நம் காலத்தில் பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கிறது; தாயின் பெயர் மறந்துவிட்டது. பொருளாதாரப் பாடத்தைத் தொடங்கும் மாணவன் முதலில் படிப்பது, மனித விருப்பங்கள் எண்ணற்றவை, வளங்களோ அளவானவை என்பது. ஆங்கிலப் பாடநூலில் அந்த விருப்பங்களுக்கு இருக்கும் பெயர் இதே சொல்தான். 17ஆம் நூற்றாண்டு வாசகர் ஒருவர் அந்த வரியைப் படித்தால், மனிதனுக்கு முடிவில்லாத வறுமை விதிக்கப்பட்டிருக்கிறது என்று அலறியிருப்பார். இல்லாமைக்கு ஓர் அளவு உண்டு. பசித்தவனுக்கு எவ்வளவு சோறு என்று சொல்லலாம், நிரப்பலாம், நிரம்பியது என்று எழுந்துகொள்ளலாம். ஆசைக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. ஒரே சொல் இரண்டையும் சுமக்கும்போது, ஆசை தன்னை இல்லாமை என்று காட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து நிற்கிறது. உண்மையான இல்லாமை பின்வரிசையில் மறைந்துபோகிறது. தமிழில் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல் பசிக்கும் பொருந்துகிறது, பகட்டுக்கும் பொருந்துகிறது. அதனால் இந்த எச்சரிக்கை நமக்கும் உரியது.

பெயர்ச்சொல்லாக அந்தப் பழைய பொருள் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. 1843இல் டிக்கன்ஸ் தன் கிறிஸ்துமஸ் கதையில் ஓர் ஆவியின் அங்கிக்கடியில் இரண்டு ஒட்டி உலர்ந்த குழந்தைகளைக் காட்டுகிறார். பையனின் பெயர் அறியாமை; பெண்ணின் பெயர் ‘வான்ட்’. 1941 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சொன்ன நான்கு சுதந்திரங்களில் ஒன்று இதிலிருந்து விடுதலை. 1942இல் பிரிட்டனில் சமூகக் காப்பீடு பற்றி வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, நாடு வெல்ல வேண்டிய ஐந்து அரக்கர்களில் ஒன்றுக்கு வைத்த பெயரும் இதுவே. நாட்டின் கடமையைப் பேச வேண்டிய நேரம் வந்தபோது, அவர்கள் எடுத்தது பழைய பொருளைத்தான். ஒருவனின் ஆசை அவனுடைய சொந்த விஷயம். ஒருவனின் இல்லாமை ஊரின் பொறுப்பு.

இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஒரு சான்றைத் திரும்பத் திரும்பச் சுட்டியிருக்கிறார். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஓர் உடல்நல ஆய்வு நடந்தது. உடம்பு சரியில்லை, அல்லது சுமார் என்று சொன்னவர்கள் மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம் மட்டுமே. அந்த விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்ப முடியுமா? வெள்ளைப் புடவைக்குள், கிடைத்ததை உண்டு, எதையும் கேட்கக் கூடாது என்று பழக்கப்பட்ட வாழ்க்கை அது. வலிக்கிறது என்று சொல்லும் பழக்கமே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. நீண்ட கால இல்லாமை, ஆசையையும் சேர்த்துத் தின்றுவிடும்; எதிர்பார்ப்பைச் சுருக்கிச் சுருக்கி, ஒன்றுமில்லாத அளவுக்குக் கொண்டுவந்துவிடும் என்கிறார் சென்.

விருப்பத்தை மட்டும் எண்ணும் கணக்கில் அந்தப் பெண்களின் பெயர் ஏறாது. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே அவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்று அந்தக் கணக்கு முடியும். பழைய பொருள் அறிந்த கண் அப்படி முடிக்காது. கேட்காத கடிகாரத்திலும் பத்து நிமிடக் குறையைப் பார்த்த கண் அது.

ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் தங்கை ஃபிரான்ஸஸ் எழுதிய நினைவுக் குறிப்பில், ஜான்சனைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு அவர் வீடு திரும்பும்போது, கடைப் பலகைகளிலும் வாசற்படிகளிலும் ஏழைக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காலைச் சாப்பாட்டுக்கு ஆகட்டும் என்று அவர்கள் கைகளில் பென்னிக் காசுகளை வைத்துவிட்டு நடப்பாராம். தூங்குகிற குழந்தை கேட்கவில்லை. அந்த நேரத்தில் அது எதற்கும் ஆசைப்படவும் இல்லை. ஆனால் விடிந்தால் அதற்குச் சாப்பாடு இல்லை. ஒரு காலத்தில் தன் கிழிந்த ஷூவைப் பலர் பார்த்த வலியை அறிந்தவர், அந்தக் குழந்தையை யாரும் பார்க்காத நேரத்தில், நன்றி சொல்லும் சுமைகூட வைக்காமல், அதன் இல்லாமையைத் தீர்க்கிறார். குறையைப் பார்ப்பதும் மானத்தைக் காப்பதும் அங்கே ஒரே செயலாகிவிடுகின்றன.

கேட்பவருக்குக் கொடுப்பது நியாயம். அதில் பெரிய கண் தேவைப்படுவதில்லை; காது இருந்தால் போதும். நம் வீட்டிலேயே, மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று எழும் அம்மாவும், சம்பளம் கூட்டிக் கேட்கத் தெரியாத வேலைக்காரப் பெண்ணும், எனக்கு ஒன்றும் வேண்டாம்ப்பா என்று சொல்லும் முதியவரும் இருக்கிறார்கள். ‘வேண்டாம்’ என்ற அவர்களுடைய சொல்லை மதிக்க வேண்டும். அதையே சாக்காக வைத்து நகர்ந்துவிடக் கூடாது. மிக அதிகமாக இல்லாதவர்களே மிகக் குறைவாகக் கேட்கிறார்கள். ஒரு மனிதன், ஒரு குடும்பம், ஒரு நாடு எவ்வளவு அறத்தோடு வாழ்கிறது என்பதற்கு, கேட்டவர்களுக்கு என்ன கொடுத்தது என்ற கணக்கு போதாது. கேட்கும் தெம்பும் இழந்துவிட்டவர்களிடம் என்ன இல்லை என்று தானாகப் போய்ப் பார்த்ததா என்பதுதான் கணக்கு.